அந்த இரவின் நன்றி

ஏப்ரல் 15 ஆம் தேதி கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அதை ஒட்டிய நாள்களில்தான் எங்கள் ஆர்.சி. தொடக்கப்பள்ளியின் ஆண்டும் முடியும். ஆண்டுத் தேர்வு முடிந்து, வருகைப் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்துப் போட்டு, விடுமுறைக்கு முந்தைய காலையில் பிள்ளைகளோடு கோயிலுக்குப் போவோம். நன்றித் திருப்பலி. முத்துக்குளித்துறைக் கரையில் இருக்கும் இந்தப் பள்ளியில்தான் நான் படித்தேன். இப்போது இங்கேயே ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். மாணவியாகவும் ஆசிரியையாகவும் அந்தத் திருப்பலியில் நின்றிருக்கிறேன்.

அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல் குவிந்திருக்கும்போது நன்றி சொல்வது யாருக்கும் புரியும். எங்கள் ஊர் நன்றி சொல்வது வருமானம் நிற்கப்போகும் வாரத்தில். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களின் வீடுகளில் அடுத்த இரண்டு மாதத்துக்கு யாரிடம் கைமாற்று வாங்குவது என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைதான் தலைவாரி, பொட்டு வைத்தோ வைக்காமலோ, வரிசையில் வந்து நிற்கிறது. அந்தப் பிள்ளையிடம் எதற்காக நன்றி சொல்லச் சொல்கிறோம் என்று தெளிவாகத் தெரியாமல் ஓர் ஆசிரியை அந்த வரிசையை நடத்திப்போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

பல ஆண்டுகளில் இந்தத் திருப்பலி தவக்காலத்தில் வந்துவிடும். குருவானவர் ஊதா உடையில் வருவார். அல்லேலூயா பாடுவதில்லை. பீடத்தில் பூ வைப்பதில்லை. அது தெரியாமல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்து செம்பருத்தியும் அரளியும் பறித்து வந்துவிடுவார்கள். சிஸ்டர் அவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டார். வாசலில் இருக்கும் மாதா கெபிக்கு அழைத்துப்போய் அங்கே வைக்கச் சொல்வார். பிறகு பூவில்லாத பீடத்தின் முன்னால் பிள்ளைகள் நன்றிப் பாட்டுப் பாடுவார்கள். இது காலண்டர் செய்கிற ஏற்பாடுதான். ஆனாலும் எனக்கு அது சரியாகவே படுகிறது. எல்லாம் நன்றாக முடிந்தது என்று கொண்டாடுவது வேறு, நன்றி சொல்வது வேறு. ஊதா நிறத்தில் நின்றும் நன்றி சொல்ல முடியும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள்.

கடவுளுக்கு நம் நன்றி எதற்கு என்ற கேள்வி பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடமிருந்துதான் அடிக்கடி வருகிறது. அவர் எல்லாம் உள்ளவர்தானே, நாம் சொல்லாவிட்டால் கோபப்படுவாரா என்று கேட்பார்கள். திருச்சபை இந்தக் கேள்விக்கு ஜெபத்திலேயே பதில் வைத்திருக்கிறது. திருப்பலிப் புத்தகத்தில் உள்ள பொதுத் தொடக்கவுரைகளில் ஒன்று, நம் புகழ்ச்சி கடவுளுக்குத் தேவையில்லை, அவருடைய பெருமையை அது கூட்டுவதும் இல்லை, நமக்கு நன்றி சொல்லத் தோன்றுவதே அவர் தந்த கொடை என்று அவரிடமே சொல்கிறது. அப்படியானால் கடைக்காரர் சிட்டையில் இருக்கும் பாக்கியைத் தீர்ப்பதுபோல நன்றி சொல்லித் தீர்க்க இங்கே பாக்கி எதுவும் இல்லை. நாம் கேட்டு வாங்காதது, உழைத்துச் சம்பாதிக்காதது எவ்வளவு நம் கையில் இருக்கிறது என்று பார்க்கக் கற்பதுதான் அதன் பயன். அந்தப் பயன் முழுவதும் நமக்கே.

திருக்குறளின் 11 ஆம் அதிகாரத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையில் ஒப்பிப்பார்கள். செய்ந்நன்றி அறிதல் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது, நன்றி கொன்றவனுக்கு உய்வில்லை என்று எச்சரிக்கும் கடைசிக் குறள். எனக்கு முதல் குறள்தான் பெரிது. நாம் முன்னே எதுவும் செய்திராதபோது ஒருவர் நமக்குச் செய்த உதவிக்கு மண்ணும் விண்ணும் ஈடாகாது என்கிறார் வள்ளுவர். ஈடு கட்டவே முடியாத ஒன்றை வைத்து அதிகாரத்தைத் தொடங்குகிறார். எங்கள் ஞானோபதேச வகுப்பில் இறையருள் என்று நாங்கள் கற்பிப்பதும் இந்த இடத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

இதுவரை சொன்னது, கொடுக்கப்பட்டதைப் பற்றி. பறிக்கப்பட்டதை என்ன செய்வது? கடற்கரைப் பள்ளியில் இந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலையும் கண்ட கரை இது. பெயர் வைக்கும் அளவுக்குப் பெரிய புயல் இல்லாத ஆண்டிலும் ஏதோ ஒரு வகுப்பில், கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் பிள்ளை இருக்கும்.

திருப்பலிக்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டுத் தாளில் ஒரு நன்றி எழுதிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. காணிக்கைப் பவனியில் அப்பம், ரசத்தோடு அந்தத் தாள்களையும் ஒரு பனையோலைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோவோம். புது சைக்கிள், தங்கச்சிப் பாப்பா, அம்மாவுக்குக் காய்ச்சல் போனது, ஆண்டுவிழாவில் ஆடியது என்று எழுதுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுமி தாளை வாங்கிக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்தாள். அதற்கு முந்தைய ஆடி மாதத்தில் அவள் அப்பா போன வல்லம் கவிழ்ந்தது. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

“நானும் எழுதணுமா டீச்சர்?”

“வேண்டாம்மா. ஒனக்குத் தோணினா எழுது. இல்லன்னா வெறுந்தாளாவே பெட்டியில போடு. அதையும் சாமி வாங்கிக்கிடுவார்.”

அவள் இடத்துக்குப் போய் வெகு நேரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். பிறகு எழுதி, நான் படிக்கலாம் என்பதுபோலத் திறந்தபடியே கொடுத்தாள். ‘எங்க அப்பாவத் தேடிப் போன மாமாமார் எல்லாருக்கும் நன்றி.’

வல்லம் கவிழ்ந்த வாரத்தில், ஊரில் தொழிலை விட்டுவிட்டு, சொந்தக் காசில் டீசல் போட்டு, காற்று அடங்காத கடலில் தேடிப் போனவர்கள் உண்டு. வெறுங்கையோடு திரும்பியதால் அவர்களில் பலர் அந்த வீட்டு வாசலை மிதிக்கவே கூசினார்கள். அந்தச் சிறுமி அவர்களை மறக்கவில்லை. அப்பா போனதற்கு அவள் நன்றி சொல்லவில்லை. யாரும் அவளிடம் அதைக் கேட்கவும் கூடாது. சாவைக் கடவுளின் திருவுளம் என்று அவசரமாக விளக்கி, அதற்கும் தோத்திரம் சொல் என்று ஒரு பிள்ளையிடம் சொல்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். அது விசுவாசம் அல்ல என்றே நம்புகிறேன். கெட்டதை நல்லது என்று சொல்லவைக்கும் நன்றி பொய்யாகிவிடும். பொய்யைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைக்கலாகாது.

அந்தத் தாளை மனத்தில் வைத்துக்கொண்டு திருப்பலியில் நின்றபோதுதான், அத்தனை ஆண்டுகள் கேட்ட ஒன்று எனக்கு உறைத்தது. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11 ஆம் அதிகாரத்தில் இயேசுவின் கடைசி இரவுணவைச் சொல்கிறார். நான்கு நற்செய்திகளும் எழுதப்படுவதற்கு முந்தைய பதிவு அது. இயேசு அப்பத்தை எடுத்து நன்றி சொன்னது எப்போது என்று அவர் நேரம் குறிக்கிறார்: காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். பாஸ்கா இரவு என்று சொல்லியிருக்கலாம், எருசலேமில் என்று சொல்லியிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்த அடையாளம் துரோகம். ஒவ்வொரு திருப்பலியிலும் குருவானவர் அந்த இரவுணவை நினைவுகூர்ந்துதான் அப்பத்தைக் கையில் எடுக்கிறார்.

அந்த இரவில் இயேசு எதற்கு நன்றி சொன்னார்? யூதாசுக்கு இல்லை, மறுநாள் வரப்போகும் ஆணிகளுக்கு இல்லை. கையில் இருந்த அப்பத்துக்கு. வரப்போவது என்ன என்று தெரிந்தும், அப்போது கையில் இருந்த நல்லதை அவர் மறுக்கவில்லை. அதைப் பிட்டுச் சுற்றியிருந்தவர்களுக்குக் கொடுத்தார். ஆண்டு எப்படி முடிந்தது என்று கூட்டிக் கழித்துப் பார்த்து, மீதி நல்லதாக நின்றால் நன்றி, இல்லாவிட்டால் இல்லை என்பது அவர் வழியாக இருந்திருந்தால், அந்த இரவில் மேசையே போடப்பட்டிருக்காது. கிறிஸ்தவ நன்றியின் அடிப்படை இதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். துக்கத்தைத் துக்கமாகவே வைத்துக்கொண்டு, அதன் நடுவிலும் கைக்கு வந்து சேர்ந்த அப்பத்தை அப்பம் என்று ஒப்புக்கொள்வது. அந்தச் சிறுமியின் அப்பம், தேடிப் போன மாமாமார்.

அப்பம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் நேரே வானத்தைப் பார்த்து நன்றி சொல்லிவிடுவது நம்மிடம் உள்ள இன்னொரு பழக்கம். எல்லாம் ஆண்டவர் தந்தது என்பது உண்மை. ஆனால் அவர் தந்தது யார் கை வழியாக என்பதும் அந்த உண்மையில் அடங்கும். முன்பு காலைக் கூட்டத்தில் ஜெபம் முடிவதற்குள் ஒன்றிரண்டு பிள்ளைகள் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவது எங்கள் பள்ளியில் சாதாரணம். விடியுமுன் மீன் ஏலத்துக்கு ஓடும் அம்மா என்ன சமைத்திருக்க முடியும்? 2022 செப்டம்பர் 15 ஆம் தேதி மதுரையில் அரசுப் பள்ளிகளுக்குத் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15 ஆம் தேதி, காமராசர் பிறந்தநாளில், ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் பெயரைத் தாங்கிய ஓர் உதவிபெறும் தொடக்கப்பள்ளியில்தான் அந்த விரிவாக்கம் தொடங்கிவைக்கப்பட்டது. இப்போது எங்கள் பிள்ளைகள் பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு ஜெபத்துக்கு நிற்கிறார்கள். யாரும் தலைசுற்றி உட்காருவதில்லை. விடியற்காலையில் வந்து அடுப்பு மூட்டுகிற மகளிர் குழுப் பெண்களை நன்றித் திருப்பலியில் முன்வரிசையில் உட்காரவைக்கிறோம். கழிப்பறை கழுவுகிற அக்காவும் அங்கேதான் உட்காருவார்.

இதைச் சொல்லும்போதே ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் சோறு யாருடைய தயவும் இல்லை, அது அதன் உரிமை. நோட்டும் பென்சிலும் கொடுக்க வருகிறவர்கள் முன்னால் ஏழைப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, கும்பிடச் சொல்லிப் படம் எடுக்கும் காட்சி பல பள்ளிகளில் நடக்கிறது. நன்றி கெட்டவர்கள் என்ற சொல் உரிமை கேட்கும் ஏழையின் வாயை அடைக்கவே பெரும்பாலும் பயன்பட்டிருக்கிறது. கட்டாயப்படுத்தி வாங்கியது நன்றி ஆகாது. தானாக வந்தால்தான் அதற்கு அந்தப் பெயர். அதனால்தான் வெறுந்தாளுக்கும் எங்கள் பெட்டியில் இடம் உண்டு.

லூக்கா நற்செய்தியின் 17 ஆம் அதிகாரத்தில் இயேசு பத்துத் தொழுநோயாளரைக் குணமாக்குகிறார். ஒருவர் மட்டும் திரும்பி வந்து நன்றி சொல்கிறார். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். நன்றி மறந்தவர்களைக் கண்டிக்க மறையுரைகளில் இதை அடிக்கடி எடுப்பார்கள். எனக்கு இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, நன்றி சொல்லாத ஒன்பது பேருக்கும் நோய் திரும்ப வந்ததாக லூக்கா சொல்லவில்லை. கொடுத்ததைக் கடவுள் பிடுங்கிக்கொள்ளவில்லை. இரண்டாவது, திரும்பி வந்தவர் சமாரியர், யூதர்கள் வேற்றாராக எண்ணி விலக்கிவைத்தவர். எங்கள் பள்ளியில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். திருப்பலிக்கு வருவதும் வராததும் அவரவர் வீட்டு விருப்பம். ஆனால் சனிக்கிழமை தவறாமல் மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற தாய் ஒருவர் இந்து. ஆண்டுக் கடைசி நாளில் மூன்று பிள்ளைகளின் ஆசிரியைகளையும் தனித்தனியே தேடிவந்து கையைப் பிடித்து, “நல்லா பாத்துக்கிட்டீங்கம்மா” என்று சொல்லிப்போகிறவரும் அவரே. எங்கள் சமூகம் நன்றி சொல்லக் கூடும்போது அதை நடத்துகிறவர்கள் நாங்கள்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். நற்செய்தியோ, வேற்றார் என்று நாம் நினைத்தவரிடமிருந்து நன்றியைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறது.

13 ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் நன்றியை மூன்று படியாகப் பிரிக்கிறார். பெற்ற உதவியை உதவி என்று உணர்வது முதல் படி. வாயால் சொல்வது அடுத்தது. உரிய நேரத்தில், உரிய இடத்தில், தம்மால் இயன்ற அளவு கைம்மாறு செய்வது மூன்றாவது. கைம்மாறுக்கு அவசரப்படக் கூடாது என்றும் சொல்கிறார். உடனே திருப்பிக் கொடுக்கத் துடிப்பது, உதவி பெற்றவர் என்ற நிலையைச் சுமக்க மனமில்லாததன் அடையாளம். இந்த மூன்றாம் படியை எங்கள் திருப்பலிக்குள் நிறைவேற்ற முடியாது. அது பல ஆண்டு கழித்து, வேறு இடத்தில், வேறு யாரிடமோ நடக்க வேண்டியது.

1542 இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார், கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டியதைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். தமிழில் ஜெபங்களை மனப்பாடம் செய்த அந்தப் பிள்ளைகளை, தாம் போக முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கு ஜெபிக்க அனுப்பினார். கற்றுக்கொண்ட பிள்ளைகள் அவருக்கு எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. பெற்றதை எடுத்துக்கொண்டு படுக்கையில் கிடந்தவரிடம் போனார்கள். எதுவும் தேவைப்படாத கடவுளுக்குக் கைம்மாறு செய்ய இதைத் தவிர வேறு வழியை நான் அறியேன். தேவைப்படுகிறவரிடம் போக வேண்டும்.

ஆகவே ஐந்தாம் வகுப்பு முடித்துப் பெரிய பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் நான் எங்களை மறந்துவிடாதீர்கள் என்று கேட்பதில்லை. எங்களுக்கு நீங்கள் எதுவும் திருப்பித்தர வேண்டியதில்லை என்று சொல்கிறேன். கடலில் ஒரு வல்லம் திரும்பவில்லை என்று தெரிந்தால் தேடப் போங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் வந்தால் கவனியுங்கள். அந்த நன்றி வந்து சேரவேண்டிய இடத்துக்கு வந்துசேரும். இதை நான் விசுவசிக்கிறேன்.