பரமதத்தனின் அச்சம்

இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல்களைக் கையில் எடுத்தவர்களுக்கு அந்த உலகம் பழக்கமானது: பாழடைந்த கோயில், சித்தர் விட்டுப்போன ரகசியம், குதிரையேறி வரும் காவல் தெய்வம். 2024 நவம்பரில் மதுரையில் மறையும் வரை அவர் இந்த மண்ணின் பயங்களையே எழுதினார். இரவல் பேய்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. அவருடைய ‘விட்டுவிடு கருப்பா’ நாவல், 1990களின் பிற்பகுதியில் நாகாவின் இயக்கத்தில் ‘விடாது கருப்பு’ தொடரானது. தப்பு செய்தவனைக் கருப்பு தண்டிக்கும் என்று நம்பும் ஊருக்கு, மனத்தைப் படிக்கும் மருத்துவ மாணவி ஒருத்தி வருகிறாள்.

திகிலுக்கு அடியில் அந்தக் கதை ஒரு கேள்வியை வைத்திருக்கிறது. பயந்து கும்பிடுவதும் பக்திதானா?

காவிரிக்கரைக்கு இது பழைய கேள்வி. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் கிழக்கு வாசலில் பிரம்மகத்தி இன்றும் சிலையாக இருக்கிறது. வரகுண பாண்டியனின் குதிரைக் குளம்பில் ஓர் அந்தணர் இறந்தார். அந்தப் பாவம் அரசனைத் துரத்தியது. அவன் உள்ளே நுழைந்ததும் அது வாசலிலேயே நின்றது. அவன் வேறு வாசல் வழியே போய்விட்டான் என்கிறது தலபுராணம். வந்த வழியே திரும்பக் கூடாது என்ற வழக்கம் பக்தர்களிடம் இன்னும் இருக்கிறது. பயம் ஒருவனைக் கோயிலுக்குள் தள்ளுகிறது. சௌந்தர்ராஜனின் கதைகள் பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான் நடக்கின்றன.

சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்லும் காரைக்காலில் கதை திரும்புகிறது.

வணிகன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை, பசித்து வந்த அடியாருக்குப் படைத்துவிட்டாள் மனைவி புனிதவதி, பின்னாளின் காரைக்கால் அம்மையார். மீதமிருந்ததை உண்ட கணவன் இரண்டாவதையும் கேட்டபோது இறைவனிடம் வேண்டினாள், கனி வந்தது. நம்பாத கணவன் இன்னொன்று கேட்டான். அதுவும் வந்து, அவன் கையில் பட்டதும் மறைந்தது. நடுங்கிப்போனவன் வாணிபத்தைச் சாக்காக வைத்துக் கப்பலேறினான். பாண்டிநாட்டில் மறுமணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். தேடி வந்த முதல் மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுந்தான்.

இன்றைய திகில் நாவல் பரமதத்தனோடுதான் கப்பலேறும். பக்கத்தில் படுத்திருப்பவள் யார் என்று ஓர் ஆண் மிரளும் இடத்தில் அத்தியாயம் முடியும், தொடரும் போடலாம். சேக்கிழார் அவனைக் கரையேற்றிவிட்டு, யாரைப் பார்த்து அவன் அஞ்சினானோ அவளோடு நடக்கிறார். பெரியபுராணத்தின் துணிச்சல் இதில் இருக்கிறது. தசையும் அழகும் கணவனுக்காகச் சுமந்தவை என்று அவற்றை உதறி, பேயுருவை வரமாகக் கேட்கிறாள் அவள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் எலும்பும் தோலுமாகத் தாளமிடுபவளும் அவளே.

‘விடாது கருப்பு’ தொடரும் கடைசியில், கருப்பின் பேரில் ஊரை நடுங்கவைத்த ரத்னாவின் பிளவுண்ட மனத்துக்குள் இறங்குகிறது. தமிழ்த் திகில் கதை அஞ்சப்பட்டவளின் பக்கம் நகர்ந்த அரிய தருணம் அது. ஆனாலும் ரத்னா நோயாளியாகவே புரிந்துகொள்ளப்படுகிறாள். அவளுக்குப் பெயரிடுவது மருத்துவம். புனிதவதியோ தன் பதிகங்களில் தன்னைக் காரைக்கால் பேய் என்று தானே குறிப்பிட்டுக்கொண்டாள். அந்த உரிமையைத் தன் பேய்களுக்குத் தரும் நாவலைத் தமிழ் வாசகர்கள் இன்னும் எழுத்தாளர்களிடம் கேட்கலாம்.