தொண்டருக்குப் பொன்னாடை

சேவைச் சங்கத்தில் நெடுங்காலம் உழைத்த உறுப்பினருக்கு அறுபதோ எழுபதோ எண்பதோ நிறையும்போது சங்கம் கூடி அவரைப் பாராட்டுவது பரவலான வழக்கம். தமிழ்நாட்டின் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களில் அதற்கென்று ஓர் ஒழுங்கே உருவாகியிருக்கிறது. தலைவர் பொன்னாடை போர்த்துவார். முன்னாள் தலைவர்கள் பேசுவார்கள். வாழ்த்து மடல் வாசித்து அளிக்கப்படும், பிறந்தநாள் காண்பவர் ஏற்புரை சொல்வார். அதே மேடையில் யாருக்காவது தையல் இயந்திரமோ, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்களோ வழங்கப்படும். பிறகு விருந்து. பழகிப்போன இந்தச் சடங்குக்குள் அறவியலின் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. பயன் கருதாமல் செய்வதுதான் தொண்டு என்றால் அதற்குப் பாராட்டு எதற்கு? பாராட்டைப் பெற்றுக்கொண்ட பிறகும் அது தொண்டாகவே நிற்குமா?

இந்தச் சங்கங்கள் பிறந்த விதத்திலேயே இக்கேள்வி கலந்திருக்கிறது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு தொடங்கியது ரோட்டரி. நட்பும் ஒருவருக்கொருவர் தொழில் கொடுத்து உதவுவதும்தான் அப்போதைய நோக்கம். பொதுத்தொண்டு பின்னால் வந்து சேர்ந்தது. நகர மையத்தில் பொதுக் கழிப்பறை அமைக்க மாநகராட்சியிடம் போராடியதை அதன் முதல் பெரிய பொதுப்பணியாகச் சொல்வார்கள். 1917இல் லயன்ஸ் சங்கத்தை உருவாக்கிய மெல்வின் ஜோன்ஸ் சிகாகோவில் காப்பீட்டுத் தொழில் செய்தவர். வணிகர்களும் தொழில்முனைவோரும் கூடிய இடங்களாதலால் கணக்குப் பார்க்கும் மனமும் உடன் வந்தது. நன்றாகத் தொண்டு செய்பவரே மிகுந்த லாபம் பெறுவார் என்ற பொருளில் ஆர்தர் ஷெல்டன் என்பவர் சொன்ன வாசகம் 1911 முதல் ரோட்டரியில் வழங்கியது. தன்னலத்துக்கு மேலானது தொண்டு என்ற வாசகமும் அதே காலத்தில் வேறொரு வடிவில் எழுந்தது. 1950இல் இரண்டும் ஒருசேர அதிகாரபூர்வ முழக்கங்கள் ஆயின. பிந்தையதை முதன்மை முழக்கமாக அறிவித்தது 1989இல்தான். தொண்டு லாபத்துக்கான வழியா, தன்னலத்தைக் கடக்கும் வழியா என்ற தயக்கம் ஒரே நிறுவனத்துக்குள் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறது.

சமயங்கள் பெரும்பாலும் மறைவின் பக்கம் சாய்கின்றன. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. பதில் உதவி எதிர்பாராமல், கொடுப்பது கடமை என்பதற்காகத் தக்க இடத்தில் கொடுப்பது சாத்துவிகம். பயனை எண்ணியோ மனம் வருந்தியோ கொடுப்பது ராஜசம். தகாத இடத்தில், மதிப்பின்றிக் கொடுப்பது தாமசம். இயேசுவின் மலைப்பொழிவு, வலக்கை கொடுப்பதை இடக்கை அறிய வேண்டாம் என்கிறது. மனிதரின் புகழுக்காகக் கொடுத்தவர் தம் பலனை முன்பே வாங்கிவிட்டார் என்பது அதன் தீர்ப்பு. அதே பொழிவின் முற்பகுதியோ, நற்செயல்களைப் பிறர் கண்டு இறைவனைப் புகழும்படி ஒளி வீசச் சொல்கிறது. அங்கே புகழ் செய்தவரைக் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. திருக்குர்ஆன் வெளிப்படையான தருமத்தையும் நல்லதென்றே ஏற்கிறது, ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதை அதைவிட மேலாக வைக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடீஸ் கொடையை எட்டுப் படிகளாக அடுக்கினார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத கொடை அதில் இரண்டாம் உயர்படி. கடனோ கூட்டுத் தொழிலோ வேலையோ தந்து, இனி கையேந்தாதபடி ஒருவரை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் மேற்படி.

தமிழ் மரபு இந்தக் கேள்வியை வேறிடத்திலிருந்து அணுகுகிறது. சங்கத்தின் மணிவிழா மேடையை மதிப்பிட அந்த அணுகுமுறையே அதிகம் உதவும். திருக்குறளின் அதிகார வரிசையைப் பார்த்தால் போதும். இருபத்திரண்டாவது ஒப்புரவறிதல், அடுத்தது ஈகை, அதற்கடுத்து இருபத்து நான்காவதாகப் புகழ். அதோடு இல்லறவியல் முடிகிறது. துறவறவியல் அருளுடைமையில் தொடங்குகிறது. மழைக்கு உலகம் எதைத் திருப்பிக் கொடுக்கும் என்று கேட்டுக் கைம்மாறு கருதாமையை வலியுறுத்திய வள்ளுவர், இரண்டே அதிகாரம் கடந்ததும் கொடுத்துப் புகழோடு வாழ்வதைவிட உயிருக்கு வேறு ஊதியம் இல்லை என்கிறார். இதில் முரண் இல்லை. கைம்மாறு பெற்றவர் கொடுப்பது. புகழ் ஊர் கொடுப்பது. முதலாவதை எதிர்பார்த்தால் கொடை கடனாகிவிடும். இரண்டாவது இல்லற வாழ்வு நிறைவடைந்ததன் அடையாளம். துறவிக்குத்தான் அதைத் துறக்கும் கடமை. சேவைச் சங்கத்தின் உறுப்பினர் துறவியல்லர். கடையும் குடும்பமும் வைத்துக்கொண்டு, மிஞ்சும் மாலை நேரத்தைப் பிறருக்குத் தருகிற இல்லறத்தார் அவர்.

புறநானூறு இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 182ஆம் பாட்டில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, உலகம் ஏன் இன்னும் நிலைத்திருக்கிறது என்று கேட்டுச் சிலரைக் காரணமாகக் காட்டுகிறார். புகழ் வருமென்றால் உயிரையும் கொடுப்பவர்கள் அவர்கள். பழி வருமென்றால் உலகையே தந்தாலும் வேண்டாமென்பவர்கள். தமக்கென உழைக்காமல் பிறருக்கென உழைப்பவர்கள். புகழ் நாட்டமும் தன்னலமின்மையும் ஒரே ஆளிடம், ஒரே பாட்டில், எந்த உறுத்தலும் இல்லாமல் சேர்ந்து நிற்கின்றன. ஆனால் 134ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஆய் அண்டிரனைப் பாராட்டும்போது கண்டிப்பான கோடு ஒன்றைக் கிழிக்கிறார். இந்தப் பிறவியில் செய்தது மறுபிறவிக்கு ஆகும் என்று கணக்கிட்டு அறத்தை விலைபேசுகிற வணிகன் அல்லன் ஆய். சான்றோர் நடந்த வழி என்பதால் கொடுக்கிறான். புகழை ஏற்ற அதே இலக்கியம் பேரத்தை மறுக்கிறது. மேலுலகப் பலனை எதிர்பார்ப்பதுகூட அங்கே வணிகக் கணக்கில்தான் சேர்கிறது. ஆக, தமிழ் மரபு பிரித்துப் பார்ப்பது பேரத்தையும் பேரமின்மையையும். ஒரு கொடை ஊரறிய நடந்ததா, இருட்டில் நடந்ததா என்பது அதற்கு இரண்டாம்பட்சம்.

மேலை மெய்யியலாரில் மூவர் இங்கே பொருந்துவார்கள். மதிப்பு, பெறுபவரைவிடக் கொடுப்பவரையே அதிகம் சார்ந்திருப்பதால் அது வாழ்வின் குறிக்கோளாக முடியாது என்றார் அரிஸ்டாட்டில். மனிதர் அதைத் தேடுவதே தம் நற்குணத்தைத் தமக்கே உறுதிசெய்துகொள்ளத்தான் என்பது அவர் கருத்து. 1785இல் வெளிவந்த அறவியல் நூலில் இம்மானுவேல் காண்ட், மதிப்பை விரும்பி ஒருவர் செய்கிற செயல் பொதுநன்மையோடு பொருந்தினால் அது பாராட்டுக்கும் ஊக்கத்துக்கும் உரியது, உயர்மதிப்புக்கு உரியதன்று என்றார். கடமை என்பதற்காகவே செய்த செயலுக்குத்தான் உயர்மதிப்பு. கறாரான அளவுகோல்தான். ஆனால் ஒருவரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை எந்தச் சங்கத்தாலும் சொல்ல முடியாது. பொன்னாடை போர்த்துகிறவர்கள் தீர்ப்பெழுத வந்தவர்கள் அல்லர். ஆடம் ஸ்மித் காட்டிய வேறுபாடு நடைமுறைக்கு நெருக்கமானது. புகழை விரும்புவது ஒன்று, புகழுக்குத் தகுதியாக இருக்க விரும்புவது வேறொன்று. இரண்டாவது விருப்பம் உள்ளவருக்குப் பொய்ப் புகழ் இனிக்காது, கூசும்.

வாழ்த்து மடல்களின் மீது எழும் நியாயமான குறையும் இதுதான். கர்ணனும் பாரியும் கூச்சமின்றி இறங்கி வருகிற எழுத்துவகை அது. ரோட்டரியிடமே இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. 1932இல் சிகாகோவில் நொடித்துப்போகும் நிலையிலிருந்த ஒரு பாத்திர நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் எழுதிய நான்கு கேள்விகளை, நால்வழிச் சோதனை என்ற பெயரில் பல சங்கங்கள் கூட்டந்தோறும் வாய்விட்டுச் சொல்கின்றன. முதல் கேள்வியே சொல்வது உண்மையா என்பது. எழுபது வயதுக்காரருக்கு எழுதும் மடலையும் அதற்கு உட்படுத்தினால் பெயரடைகள் உதிர்ந்துவிடும். இத்தனை கண் சிகிச்சை முகாம்களில் இவர் விடியற்காலை பதிவு மேசையில் உட்கார்ந்தார், சொட்டு மருந்து நாட்களில் பேருந்து நிலையத்தில் நின்றார் என்ற செய்திகள் மிஞ்சும். நாற்பதாண்டுத் தொண்டு பெரும்பாலும் இப்படிப்பட்ட, யாரும் படமெடுக்காத வேலைகளால் ஆனது. 1985இல் ரோட்டரி தொடங்கிய போலியோ ஒழிப்புத் திட்டத்துக்கு 12 கோடி டாலர் இலக்கு வைத்து அதைப்போல் இரண்டு மடங்கு திரட்டியது உலகறிந்த செய்தி. அந்தப் பணத்தில் வாங்கிய மருந்து குழந்தையின் வாயில் சொட்டாக விழப் பெயரறியாத பல்லாயிரம் பேர் கால்கடுக்க நின்றார்கள். இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது.

பேரம் எங்கே நுழைகிறது என்று பார்க்கலாம். ஆயிரம் டாலர் நன்கொடைக்குப் பால் ஹாரிஸ் ஃபெலோ என்ற சிறப்பை ரோட்டரி அறக்கட்டளை 1957 முதல் வழங்குகிறது. லயன்ஸில் அதே தொகைக்கு மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ. பணம் நல்ல காரியங்களுக்குத்தான் போகிறது. ஆயினும் இங்கே சிறப்புக்கு ஒரு விலை அச்சிடப்பட்டிருக்கிறது. பிறந்தநாள் பாராட்டு அப்படியல்ல. அறுபது வயதை யாரும் உழைத்துச் சம்பாதிப்பதில்லை, பணம் கட்டி வாங்குவதுமில்லை. நல்லவருக்கும் சோம்பேறிக்கும் அது ஒன்றுபோலவே வருகிறது. அதனாலேயே பாராட்டுக்கு அது மிகத் தூய தருணமாகிறது. எந்தச் செயலுக்கும் கூலியாக வராததால் அந்தப் பாராட்டு எந்தச் செயலையும் விலைபேசுவதில்லை. சாதனைக்கு விருது கொடுக்கும் மேடையைவிடப் பிறந்தநாள் மேடை அறத்துக்கு நெருக்கமானது என்று சொல்ல இதுவே காரணம்.

இந்து மரபின் ஆயுள் சாந்திகளும் இதே அறிவைத்தான் கொண்டிருக்கின்றன. பிரபவ முதல் அட்சய வரையான அறுபது ஆண்டுச் சக்கரம் ஒரு சுற்று முடிந்து பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் வரும்போது சஷ்டியப்தபூர்த்தி. எழுபதில் பீமரத சாந்தி. ஆயிரம் முழுநிலவு கண்டவருக்குச் சதாபிஷேகம். நிலவின் சுற்று 29.53 நாள் என்பதால் ஆயிரம் முழுநிலவுக்கு ஏறத்தாழ 80 ஆண்டும் 10 மாதமும் ஆகும். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் காலனை உதைத்த தலம் என்று போற்றப்படும் திருக்கடையூரில் இந்தச் சாந்திகள் நாள்தோறும் நடக்கின்றன. அங்கே யாரும் சாதனைப் பட்டியல் வாசிப்பதில்லை. கலச நீரைத் தலையில் ஊற்றுவது பிள்ளைகளும் பேரன் பேத்திகளும்தான். இதுவரை குடும்பத்துக்குக் கொடுத்தே பழகியவர் அன்று உட்கார்ந்து பெற்றுக்கொள்கிறார். சங்கத்தின் மணிவிழாவிலும் நடக்கவேண்டிய மாற்றம் இதுதான். முப்பதாண்டு கொடுப்பவர் வரிசையில் நின்றவருக்குப் பெறுவதன் பணிவு எளிதில் வராது. ஏற்புரையில் அவர் தடுமாறுவது பெரும்பாலும் அதனால்தான். நன்றி மறவாமை பெற்றவரின் கடமை என்று குறள் தனி அதிகாரமே வைத்திருக்கிறது. தான் செய்ததை மறக்கக் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. அதை மறக்கச் சங்கத்துக்கு உரிமை இல்லை.

மேடையில் இன்னொருவரும் நிற்கிறார். தையல் இயந்திரம் வாங்க வந்த பெண். பாராட்டு விழாவின் அறம் உண்மையில் சோதிக்கப்படுவது அவரிடம்தான். தன் இல்லாமையை ஒருவர் வாய்திறந்து சொல்வதற்கு முன்பே கொடுப்பதைக் குறள் குலப்பண்பாகச் சொல்கிறது. மைமோனிடீஸின் படிகளும் பெறுபவரின் வெட்கத்தையே அளவாகக் கொண்டவை. ஒருவரின் பெருமையைக் காட்ட இன்னொருவரின் வறுமையைப் புகைப்படமெடுப்பது எந்தச் சமயத்தின் அளவுகோலிலும் தேறாது. இயந்திரத்தை அவர் வீட்டுக்கே அனுப்பிவிடலாம். பிறந்தநாள் காண்பவருக்கு அதனால் எதுவும் குறையாது. 1947 ஜனவரியில் பால் ஹாரிஸ் இறந்தபோது, மலர்வளையங்களுக்குப் பதிலாக அறக்கட்டளைக்குக் கொடுங்கள் என்ற அவருடைய விருப்பத்தின்படி குவிந்த தொகை மாணவர்களின் வெளிநாட்டுப் படிப்புக்குப் போனது. மரியாதை அங்கே பயனாக மாறியது, யாரும் மேடையேற நேரவில்லை.

கடைசியாக வயதுக்கும் கடமைக்கும் உள்ள உறவு. தோல் சுருங்கி, நரை தோன்றி, பேரப்பிள்ளையைக் கண்டபின் இல்லறத்தான் வனம் புகலாம் என்றது மனுநூல். ரோட்டரியின் விதிகளிலும் ஒரு வானப்பிரஸ்தம் இருக்கிறது. வயதும் உறுப்பினராக இருந்த ஆண்டுகளும் சேர்ந்து 85 ஆகி, உறுப்பினர் காலம் 20 ஆண்டுக்குக் குறையாமலும் இருந்தால், கூட்டங்களுக்கு வராமலிருக்க விலக்குக் கேட்கலாம். 35 வயதில் சேர்ந்தவருக்குச் சரியாக அறுபதாம் வயதில் இந்தக் கூட்டல் நிறைவடைகிறது: 60 வயது, 25 ஆண்டு. சங்கத்தின் கணக்கும் பஞ்சாங்கத்தின் கணக்கும் அங்கே ஒன்றுசேர்கின்றன. இந்த விதியின்படி யாரும் வெளியே அனுப்பப்படுவதில்லை. விலக்கு வேண்டுமென்று உறுப்பினரே செயலருக்கு எழுதித் தரவேண்டும். எழுதித் தந்த பிறகும் அவர் உறுப்பினர்தான். வர விரும்பும் வாரம் வந்து உட்காரலாம், முகாமுக்குப் போகலாம். வருகைப் பதிவேடு அவரைக் கேட்பதில்லை என்பதால் இனி அவர் வருவதெல்லாம் அவராக விரும்பி வருவதே.