அஞ்சினான் புகலிடம்

தானம் நால்வகை என்பது நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த செய்தி. உணவு, மருந்து, கல்வி, அபயம் என்பன அவை. முதல் மூன்றையும் நாம் ஓரளவேனும் செய்து வருகிறோம். அட்சய திருதியை நாளில் அன்னம் அளிக்கிறோம். மருத்துவ முகாம் நடத்துகிறோம். ஏழை மாணவர்க்குப் புத்தகம் வாங்கித் தருகிறோம். நான்காவதாகிய அபயதானத்தை மட்டும், கசாப்புக் கடைக்குச் செல்லும் ஆட்டை மீட்பதோடு முடித்துக்கொள்கிறோம். அதுவும் நற்செயலே. ஆயினும் நம் முன்னோர் அபயத்தை அவ்வளவு சுருக்கமாகக் கருதவில்லை. திருக்கோவலூர் வட்டாரத்துப் பள்ளிச்சந்தல் கல்வெட்டில் சமணப் பள்ளியைச் சார்ந்து ‘அஞ்சினான் புகலிடம்’ குறிக்கப்பட்டிருப்பதை மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் தமது ‘சமணமும் தமிழும்’ நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். அச்சொற்றொடரை நின்று நோக்க வேண்டும். நல்லவன் புகலிடம் என்றோ, நம்மவன் புகலிடம் என்றோ பெயரிடவில்லை. அஞ்சியிருத்தல் ஒன்றே அங்கு நுழையும் தகுதி.

இக்காலத்து அரசுகள் ‘அபயம்’ என்னும் சொல்லை வழங்குவதில்லை, ‘பாதுகாப்பு’ என்கின்றன. இரண்டும் ஒன்றா என்பதே இக்கட்டுரையின் வினா. இதனை ஆராய நமக்கு மிக அண்மையில் உள்ள எடுத்துக்காட்டு இலங்கை. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அதன்பின் அந்நாட்டில் தேர்தல்கள் நடந்தன, ஆட்சிகள் மாறின, நீதிமன்றங்கள் இயங்கின. போர் முடிந்த குடியாட்சி என்று எவரும் அதனைக் கூறலாம். போரோடு அச்சமும் முடிந்ததா என்பது வேறு கேள்வி.

“அயல்நாட்டு அரசியல் நம் ஏட்டில் எதற்கு?” என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அரசியல் கட்சிகளின் வழக்கை நாம் பேசப் போவதில்லை. இம்சை எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்க வேண்டும் என்பது நம் வழக்கு.

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை ஆசிரியர்கள் நான்காகப் பகுப்பர். மனமறிந்து செய்யும் சங்கற்ப இம்சை. சமையல் முதலிய இல்லறச் செயல்களில் நேரும் ஆரம்ப இம்சை. தொழிலில் நேரும் உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் தாக்க வருபவனைத் தடுக்கும்போது நேரும் விரோத இம்சை. அணுவிரதம் ஏற்ற இல்லறத்தான் முதலாவதை முற்றும் விலக்கக் கடவன். மற்ற மூன்றும் அவனுக்கு முற்றிலும் தவிர்க்க இயலாதவை என்பதால், இயன்றவரை குறைத்துக்கொள்ளுமாறு பணிக்கப்பட்டான். அரசன் நாடு காப்பதும் நான்காம் வகையுள் அடங்கும். சமண மன்னர்களும் படைத்தலைவர்களும் வரலாற்றில் இருந்திருக்கின்றனர். அவர்களை நம் சமயம் புறந்தள்ளவில்லை.

ஆனால் விரோத இம்சைக்குக் கொடுக்கப்பட்ட இடம் ஒரு காரணத்தைப் பற்றி நிற்பது. தாக்குபவன் வீழ்ந்தபின், அல்லது ஓடியபின், அந்த இடமும் போய்விடுகிறது. அதன்பிறகும் ஓங்கிய கை தாழாதிருந்தால் அந்த இம்சையை விரோதம் என்று அழைக்க இயலாது. அது சங்கற்பமாகிவிட்டது. என் அறிவுக்கு எட்டியவரை, போருக்குப் பிந்திய ஆட்சிகளை அளக்க இதனினும் கூரிய அளவுகோல் வேறில்லை.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையே பாருங்கள். 1979-இல் அது கொண்டுவரப்பட்டபோது அதன் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்னும் சொற்கள் இருந்தன. மூன்றாண்டுகளுக்கு மட்டும் என்று விதித்தனர். 1982-இல் நிரந்தரமாக்கினர். குற்றச்சாட்டு இல்லாமலே 18 மாதங்கள் வரை ஒருவரைத் தடுத்து வைக்க அது இடமளித்தது. 2022-இல்தான் அக்காலம் 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. போர் முடிந்து பதினோராண்டுகள் கழித்து, 2020 மே மாதத்தில், அஹ்னாஃப் ஜசீம் என்னும் இளங்கவிஞர் இச்சட்டத்தின்கீழ் கைதானார். ‘நவரசம்’ என்னும் தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்பது குற்றச்சாட்டு. 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கவிதைக்கு அஞ்சிய அரசு என்று நகைத்துவிட்டுப் போகலாம். ஓர் இளைஞனின் ஒன்றரை ஆண்டுச் சிறைவாசம் நகைப்புக்கு உரியதன்று. நம் நாடும் இதில் தப்பவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1985-இல் வந்த தடாச் சட்டம் 1995-இல் காலாவதியாகும்வரை எத்தனை ஏழைகளை விசாரணையின்றி வாட்டியது என்பதை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வழிபாட்டில் இருந்த குழந்தைகள் மாண்டனர். “இதன்பின்னும் பாதுகாப்புச் சட்டம் வேண்டாம் என்பீரா?” என்று கேட்பவரின் முகத்தைப் பார்த்து அகிம்சை பேசுவது எளிதன்று.

ஆயினும் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். அப்போது அந்நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை, படைக்குக் குறைவில்லை, செய்திக்கும் குறைவில்லை. தாக்குதல் வரவிருக்கிறது என்று இந்தியாவிலிருந்து ஏப்ரல் தொடக்கத்திலேயே எச்சரிக்கை போயிருந்தது. குறைவாக இருந்தது ஆள்வோரிடையே ஒற்றுமை. ஆறு மாதங்களுக்கு முன், 2018 அக்டோபர் 26 அன்று, அதிபர் மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை அமர்த்தினார். நவம்பர் 9-இல் நாடாளுமன்றத்தையும் கலைத்தார். நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் அவை கூடியபோது, உறுப்பினர்கள் சிலர் மிளகாய்ப் பொடி வீசிய காட்சியை உலகம் கண்டது. பிரதமர் மீண்டும் பதவி ஏற்றபின்னும் அவ்விருவரிடையே பகை ஆறவில்லை. பாதுகாப்புப் பேரவைக்கும் பிரதமர் அழைக்கப்படவில்லை. ஒருவரை ஒருவர் அஞ்சிய ஆட்சியாளர் குடிகளின் அச்சத்தைக் கவனிக்கவில்லை. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காகச் சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நம் நூல்கள் அச்சத்தை நோகஷாயங்கள் ஒன்பதனுள் ஒன்றாக வைத்திருப்பது இங்கு எண்ணத்தக்கது. சினம், செருக்கு, மாயை, உலோபம் ஆகிய கஷாயங்களைப் போலவே அச்சமும் வினையைக் கட்டுவது. அஞ்சியவன் இரக்கத்துக்கு உரியவன் என்பது ஒரு பக்கம். அஞ்சியவன் கையில் ஆயுதம் இருந்தால் அவன் பிறர்க்கு அச்சம் ஆவான் என்பது மறுபக்கம். அரசு என்பது ஆயுதம் தாங்கிய அச்சமாகிவிடக் கூடாது என்று தடுத்து நிற்பவர் யார்? குடிமைச் சமூகம் என்று இன்று வழங்கும் சொல் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது.

ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய கருத்தன்று. பரதன் ஆறு கண்டங்களையும் வென்று திரும்புகிறான். அயோத்தியின் வாயிலில் சக்கர ரத்தினம் நின்றுவிடுகிறது. உள்ளே நுழைய மறுக்கிறது. இன்னும் வணங்காதவர் உளர், அவர் உம் தம்பியரே என்கிறான் புரோகிதன். போரில் வென்றவன் தன் சொந்த நகருக்குள் நுழைய முடியாமல், அடங்காத பகைவன் இன்னும் உண்டோ என்று தேடுகிறான். வென்ற நாடுகளின் கதை முழுதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. பின்னர் பரதனும் பாகுபலியும் எதிர்நிற்க, இரு பக்கத்து அமைச்சர்களும் கூடி ஆலோசிக்கின்றனர். இவ்விருவரும் சரம சரீரிகள், இவர்களுக்கு ஒன்றும் நேராது. மாள்பவர் படைவீரரே என்று கண்டு, மூவகைத் தருமப் போரோடு நிறுத்துகின்றனர். அவ்வமைச்சர்களின் பெயர்களை நாம் நினைவில் கொள்வதில்லை. பாகுபலிக்குச் சிலை உண்டு, அவர்களுக்கு இல்லை. ஆயினும் அன்று பிழைத்த வீரர்கள் அவர்களால் பிழைத்தவர்கள்.

2018-இல் இலங்கையில் அத்தகைய அமைச்சர்கள் இருந்தனர். கொழும்பின் லிபர்ட்டி சுற்றுவட்டத்தில் மாலை வேளைகளில் மக்கள் கூடினர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் நீதிமன்றம் சென்றது. தேர்தல் ஆணையத்தின் உறுப்பினராக இருந்த யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் இரத்தினஜீவன் ஹூல், தம் ஆணையம் நடத்த வேண்டிய தேர்தலுக்கு எதிராகவே மனுச் செய்தார். அம்மனுக்களுள் முதலாவதாக எண்ணிடப்பட்டது திருகோணமலையின் இரா. சம்பந்தன் அவர்களுடையது. அப்போது அவருக்கு வயது 85. எந்த அரசியலமைப்பு தம் மக்களைக் காக்கவில்லை என்று வாழ்நாளெல்லாம் முறையிட்டாரோ, அந்த அரசியலமைப்பைக் காக்க அவர் வழக்காடினார். டிசம்பர் 13-இல் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, நாடாளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்றனர். 2024-இல் மறைந்த அப்பெரியவரின் அரசியலோடு உடன்படாதோர் பலர். இச்செயலை நான் அனுவிரதியின் செயல் என்பேன்.

ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. 2018-இல் கொழும்பில் கூடியவர்களுள் எத்தனை பேர் 2009-இல் வன்னிக்காகக் கூடினர்? 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சாலையோரத்தில் அமர்ந்திருந்தபோது, எத்தனை பேர் அருகே சென்று அமர்ந்தனர்? சிலர் சென்றனர், மிகச் சிலர். இதனைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை ஒருசேர வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குச் சில மணி நேரமே தரப்பட்டது. அன்று தமிழ்நாட்டில் நாம் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

அனேகாந்தத்தை இவ்விடத்தில் சிலர் பிழையாக எடுத்துக்கொள்கின்றனர். “இரு பக்கமும் தவறு, ஆகவே நமக்கு வேலை இல்லை” என்பது அனேகாந்தம் அன்று, அது சோம்பல். ஒவ்வொரு நயமும் தன் அளவில் உண்மை. தன்னையே முழுமை என்று கொண்டால் நயாபாசம். வன்னித் தாயின் துயரம் முழு உண்மை. கட்டுவாப்பிட்டித் தாயின் துயரமும் முழு உண்மை. விரட்டப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம் தாயின் துயரமும் அப்படியே. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிப்பவரே தவறுகின்றனர். இவற்றை ஒருங்கே காண்பவன் நடுவில் வாளாவிருக்க முடியாது. அவனுக்கு மும்மடங்கு வேலை வந்து சேர்கிறது.

2022-இல் அப்படி ஒருங்கே காணும் வாய்ப்பு சிறிது நேரம் திறந்தது. பொருளாதாரம் சரிந்து, ஏப்ரல் 9 முதல் கொழும்பு காலிமுகத்திடலில் மக்கள் பாசறை அமைத்தனர். மே 9-இல் ஆளும் தரப்பினர் அவர்களைத் தாக்கினர். பதிலுக்கு வீடுகள் எரிந்தன, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் மாண்டார். அறவழி எனத் தொடங்கியதும் ஒரே இரவில் வழுவக்கூடும் என்பதற்கு அது சான்று. ஒன்பது நாள் கழித்து, மே 18 அன்று, அதே திடலில் முள்ளிவாய்க்காலில் மாண்டோர் நினைவுகூரப்பட்டனர், கஞ்சி பகிரப்பட்டது. போர் இறுதியில் பசியாற்றிய அந்தக் கஞ்சியைத் தலைநகரில் சிங்கள இளைஞர்களும் கைநீட்டி வாங்கினர்.

அதே மே 18-இல்தான் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து நிவாரணக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. 9,000 டன் அரிசி, 200 டன் பால் பொடி, மருந்துகள். விம்கோ நகரில் வாழும் நமக்குத் துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை கடலில் காத்து நிற்கும் கப்பல்கள் அன்றாடக் காட்சி. அவற்றுள் எது என்ன சுமந்து போகிறது என்று நாம் கேட்பதில்லை. அக்கப்பலைப் பற்றி ஒரு செய்தி நினைவில் வைக்கத்தக்கது. முதலில் இலங்கைத் தமிழர்க்கு உதவுவதாகவே தமிழக அரசு கூறியது. தமிழர்க்கு மட்டும் எனப் பிரிக்க வேண்டாம், எல்லா மக்களுக்கும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள் அங்குள்ள தமிழர் தலைவர்களே. அஞ்சியிருந்தவர்கள், தம்மை அஞ்ச வைத்த நாட்டின் மக்களுக்கும் சேர்த்துக் கேட்டனர். உணவு தானமும் அபயதானமும் அங்கே ஒன்றாயின.

அந்தக் கதவு பிறகு முழுதும் திறந்ததாகச் சொல்ல முடியாது. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டச் சம்பூரில் அதே கஞ்சியை வழங்கியதற்காகப் பெண்கள் கைதாயினர். 2025-இல் யாழ்ப்பாணம் செம்மணியில் தோண்டத் தோண்ட 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றுள் குழந்தைகளுடையவையும் இருந்தன.

இனி நம் வாயிலுக்கு வருவோம். விம்கோ நகர் நிலையத்தில் வடக்கே செல்லும் மின்தொடர் ஏறினால் கும்மிடிப்பூண்டி. அங்கும், மேற்கே புழலிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021-இல் தமிழகமெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000-க்கும் அதிகமானோர் இருந்தனர். அவர்களுள் பலர் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, மணம் செய்து, இன்னும் எந்நாட்டுக் குடிமக்களும் ஆகாதவர்கள். 2021-இல் அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயரை மாற்றியது. புதிய வீடுகள் கட்டும் திட்டமும் அறிவித்தது. நல்லதே. ஆனால் 2019 டிசம்பரில் இயற்றப்பட்ட குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோர்க்கு அது வழி திறக்கிறது. சலுகை பெறும் ஆறு சமயத்தாருள் சமணர் பெயரும் உண்டு. கும்மிடிப்பூண்டி முகாமில் உள்ளவர்க்கு அதில் இடமில்லை. அவர்கள் வந்த நாடு பட்டியலில் இல்லை.

நம் பெயர் இருப்பதால் நமக்கு இது பற்றிப் பேச உரிமை கூடுகிறது என்று கருதுகிறேன். வரும் தசலட்சணப் பருவத்தில் நம் சங்கங்கள் தானம் பற்றிப் பேசுகையில், நான்காம் தானத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி, கும்மிடிப்பூண்டிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளின் படிப்பையும் சான்றிதழ்ச் சிக்கல்களையும் கேட்டு வரலாம். அவர்கள் குடியுரிமைக்கு நம் சங்கத்தின் பெயரில் ஒரு விண்ணப்பமும் எழுதலாம். மின்தொடரில் போய்வர ஒரு பகல் போதும்.