கட்டணச் சீட்டுக்குள் ஒரு கால்பந்து அணி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹாரிசன்பர்க் என்ற ஊரில் இருக்கிறது ஜேம்ஸ் மாடிசன் பல்கலைக்கழகம். ஏறத்தாழ 22,000 பேர் படிக்கும் நடுத்தர நிறுவனம். இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் அதன் அமெரிக்கக் கால்பந்து அணி முதல் டச்டவுன் போட்டதும் மாணவர் பகுதியிலிருந்து ஊதா நிறக் காகிதச் சுருள்கள் மைதானத்தின்மேல் பறக்கும். பார்க்க அழகான காட்சிதான். அந்த அணி உள்ளிட்ட விளையாட்டுத் துறைக்கு வளாகத்தில் படிக்கும் முழுநேர மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் கொடுக்கிறார். சனிக்கிழமை அரங்குக்கு வந்தவரும் கொடுக்கிறார், அதே நேரத்தில் உணவகத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவரும் கொடுக்கிறார். படிப்புச் செலவோடு சேர்ந்து வரும் கட்டாயக் கட்டணம் அது.

ஒஹாயோ ஸ்டேட் போன்ற பெரிய பல்கலைக்கழகங்களுக்குத் தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் இருக்கிறது, லட்சம் பேருக்கு மேல் அமரும் அரங்கு இருக்கிறது. நடுத்தரப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த வருமானம் கிடையாது; ஆனால் அதே வகை அணி, அதே வகைப் பயிற்சியாளர், அதே வகை அரங்கு வேண்டும் என்ற ஆசை மட்டும் உண்டு. ஆசைக்கும் வருமானத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைப் பல இடங்களில் மாணவர் கட்டணம்தான் நிரப்புகிறது. கடன் வாங்கிப் படிக்கும் ஒருவரின் பணத்தில், அவர் கேட்காத ஓர் அணியை நடத்துவது நியாயமா?

நூலகத்தைக் காட்டி இதற்குப் பதில் சொல்வார்கள். நூலகத்துக்குள் காலடி வைக்காத மாணவரும்தான் அதற்குப் பணம் கட்டுகிறார். பொதுவில் ஒன்றை வைத்துக் காப்பாற்றுவது அப்படித்தான் முடியும். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பல்கலைக்கழகம் என்பது வகுப்பறைகளின் கூட்டல் மட்டும் அல்ல. மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் நகருக்கு அருகில் மார்ஷல் பல்கலைக்கழக அணி வந்த விமானம் 1970 நவம்பரில் விழுந்து 75 பேர் இறந்தபோது துக்கம் காத்தது வளாகம் மட்டும் அல்ல, ஊரே. ஓர் அணி அந்த அளவுக்கு ஓர் ஊரோடு கலந்துவிடக்கூடும்.

இருந்தும் நூலக உவமை ஓர் இடத்தில் இடறுகிறது. கட்டணத்தின் ஒரு பகுதி கடனாக வந்தது. மத்திய அரசின் மாணவர் கடனை வழக்கமான திட்டப்படி அடைக்கவே குறைந்தது பத்தாண்டு ஆகும். அந்த ஊதாச் சுருள்களுக்கு, அவற்றை வீசியே இராத ஒருவர், முப்பது வயதைத் தாண்டியும் வட்டி கட்டிக்கொண்டிருக்கலாம். அணி வேண்டும் என்று உரக்கக் கேட்பவர்களோ பெரும்பாலும் படித்து முடித்து நல்ல வேலையில் அமர்ந்துவிட்ட பழைய மாணவர்கள், ஊர் வணிகர்கள், நிர்வாகக் குழுவினர். முடிவு அவர்களுடையது, பில் இவருடையது. அறத்தின் கண்ணில் உறுத்துவது செலவின் அளவைவிட இதுதான்.

விரும்புகிறவர்களிடம் பணம் இல்லையா என்றால், இருக்கிறது. அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகம் 2014 டிசம்பரில் செலவைக் காரணம் காட்டிக் கால்பந்து அணியைக் கலைத்தது. துப்பாக்கி சுடுதல், பௌலிங் அணிகளும் உடன் போயின. ஊர் கொதித்தது. ஆறே மாதத்தில் நிறுவனங்களும் ஆதரவாளர்களும் 1.7 கோடி டாலர் அளவுக்கு உறுதியளிக்க, 2015 ஜூனில் மூன்று அணிகளும் மீட்கப்பட்டன. 2017-இல் கால்பந்து அணி மறுபடி களமிறங்கியது. அத்தனை பணம் அதுவரை எங்கே இருந்தது? கேட்க வேண்டியவர்களிடம் கேட்காமலே காரியம் நடந்துகொண்டிருந்ததால் யாரும் பையைத் திறக்கவில்லை.

அதே கதை மூடுகிறவர்களுக்கும் நல்ல சான்றிதழ் தரவில்லை. பத்தாண்டில் முதல்முறையாக அணி சமபாதி ஆட்டங்களை வென்ற பருவம் முடிந்த கையோடு, வீரர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, இனி அணி இல்லை என்று சொன்னார்கள். உதவித்தொகையை நம்பி வீடு விட்டு வந்த பையன்கள் அவர்கள். கட்டணம் கட்டும் மாணவருக்கு ஒரு நியாயம் உண்டென்றால், வாக்குக் கொடுத்து வரவழைக்கப்பட்டவருக்கும் உண்டு.

வர்ஜீனியா சட்டமன்றம் 2015-இல் ஒரு வழி கண்டது: விளையாட்டுத் துறையின் வருவாயில் மாணவர் கட்டணம் இவ்வளவு விகிதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியது. நல்ல நோக்கம். ஆனால் விகிதத்துக்குக் கட்டும் வரம்பு தொகையைக் குறைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேறு வழியில் வருமானத்தைப் பெருக்கினாலும் கணக்கு சரியாகிவிடும். அந்த வேறு வழிகளில் ஒன்று, பெரிய அணியின் மைதானத்துக்குப் போய்க் கூலிக்கு ஆடுவது. நார்தர்ன் இல்லினாய் பல்கலைக்கழக அணி 2024-இல் நோட்டர் டேமுக்குப் போய் 14 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு 16-14 என்று வென்றும் வந்தது. அதைத்தான் எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். 2012-இல் ஜார்ஜியாவின் சிறிய சவானா ஸ்டேட் அடுத்தடுத்த வாரங்களில் ஒக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0 என்றும், ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 55-0 என்றும் தோற்றது. இரண்டாவது ஆட்டம் மின்னல் காரணமாகப் பாதியைத் தாண்டிய சற்று நேரத்தில் நிறுத்தப்பட்டது. இரண்டுக்குமாகக் கிடைத்தது 8.6 லட்சம் டாலர். தோல்வி அவமானம் அல்ல. ஆனால் தம்மைவிட மிகப் பெரிய உடல்களின்மேல் மோதி அந்தப் பணத்தைச் சம்பாதித்தவர்கள் அன்றைய விதிப்படி அதில் ஒரு டாலரைக்கூடத் தொட முடியவில்லை. ஒரு மாணவரின் சுமையைக் குறைக்க இன்னொரு மாணவரின் முட்டியை விற்பது தீர்வாகாது.

அந்த விதி இப்போது மாறிவிட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி, பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். முதலாண்டுக்கு உச்சவரம்பு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பல பத்தாண்டுகளாக மறுக்கப்பட்ட கூலி இது, வரவேற்க வேண்டியதுதான். ஒஹாயோ ஸ்டேட் தொலைக்காட்சிப் பணத்திலிருந்து கொடுக்கும், யாருக்கும் நட்டமில்லை. நடுத்தரப் பல்கலைக்கழகத்தில் பங்கு போட என்ன இருக்கிறது? வருவாய் என்று அங்கே ஏட்டில் எழுதப்படுவதில் பல இடங்களில் பெரிய பங்கு சக மாணவர்களின் கட்டணம். வீரருக்குக் கூலி கொடுப்பது நியாயம். அதைப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கடனாளியிடமிருந்து எடுத்துக் கொடுப்பது வேறு விஷயம்.

குறைந்தபட்சம் செய்யக்கூடியவை சில உண்டு. கட்டணச் சீட்டில் விளையாட்டுக் கட்டணத்தைத் தனி வரியாக அச்சிடலாம். ஏழை மாணவருக்கான அரசு உதவித்தொகையில் படிப்பவர்களை அதிலிருந்து விலக்கலாம். வீரர்களின் பங்கை அணியை விரும்பும் நன்கொடையாளர் பணத்திலிருந்து மட்டுமே கொடுப்பது என்று முடிவெடுக்கலாம். அப்படிச் செய்தால் சில அணிகள் சிறுக்கும், சில கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். ஐடஹோ பல்கலைக்கழகம் 2018-இல் தானாகவே மேல்பிரிவிலிருந்து இறங்கியது. அங்கே இன்றும் கால்பந்து ஆடுகிறார்கள்.