பெயரின்றிக் குற்றங் கூறல்

சைவாசிரியர்களே! சித்திரைப் பூரணை நன்னாளிலே யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் சித்திரபுத்திரனார் கதை படிக்கப்படுதலும், படித்து முடிந்தபின் அடியார்க்குக் கஞ்சி வார்க்கப்படுதலும் நீவிர் சிறுபருவந்தொட்டு அறிந்தனவே. அக்காலத்தில் நம்முள்ளத்தைக் கவர்ந்தது கஞ்சியேயன்றிக் கணக்கன்று என்பதை ஒப்புக்கொள்ளுதல் தகும். நரை வந்தபின்னரே கணக்கின்மேற் கருத்துச் சென்றது. உயிர்கள் செய்யும் நல்வினை தீவினைகளை ஒன்றும் விடாது எழுதும் அக்கணக்கரது ஏட்டிலே பெயரில்லாத வரி ஒன்றேனும் இல்லை. யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு ஏதோ தீங்கு செய்தார் என்று ஆண்டு எழுதப்படுவதில்லை. இன்னார், இன்னார்க்கு, இன்னது செய்தார் என்றே எழுதப்படும்.

இதனை ஈண்டு எடுத்துக் கூறியது என்னையெனின், குற்றஞ் செய்தோர் தம்பெயரை மறைத்துக்கொண்டு குற்றத்தை மாத்திரம் உலகறியச் சொல்லிவிடும் வழக்கம் நம் காலத்திலே மிகப் பரந்துவிட்டது. நம் மாணாக்கரும் அதனைப் பழகிவிட்டனர். ஆதலின், அவ்வழக்கம் எத்தன்மைத்து என்று ஆராய்தல் ஆசிரியர்க்குக் கடனாம்.

1980ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயோர்க் நகரில் அலன் பிரிட்ஜ் என்னுங் கலைஞர் ஒருவர் சுவர்தோறும் ஓர் அறிவித்தலை ஒட்டுவித்தார். பிறர்க்குத் தீங்கு செய்தவர்கள் தம்பெயரும் இருப்பிடமுங் கூறாமலே தொலைபேசியில் அழைத்துத் தம் குற்றத்தைச் சொல்லி வருந்தலாம் என்பது அதன் கருத்து. அழைத்தோர் சொல்லியவற்றை ஒலிப்பதிவுக் கருவியொன்று ஏற்றுக்கொண்டது. களவு செய்தோரும், மனைவியை வஞ்சித்தோரும், கொலை செய்தேம் என்போருங்கூட அழைத்தனர். கேட்டவரும் தம் இயற்பெயரை வெளியிடாது, மன்னிப்பு என்னுஞ் சொல்லையே தமக்குப் பெயராக்கிக்கொண்டார். இவ்வாறு ஏறக்குறையப் பதினைந்தாண்டு நிகழ்ந்தது. 1995ஆம் ஆண்டிலே அவர் கடலில் மூழ்கி நீந்திக்கொண்டிருக்கையில், நீரின்மேல் விரைந்து வந்த இயந்திர ஊர்தியொன்று மோத இறந்தார். அதனைச் செலுத்தியவர் நில்லாது போயினார். அவர் இன்னாரென்பது அறியப்படவில்லை.

இதனை வினைப்பயன் என்று கூற நாந் துணியேம். பிறருடைய இறப்பிற்குக் காரணங் கற்பித்தல் சைவர்க்கு அடாது. நாம் நோக்குவது பிறிதொன்று. பதினைந்தாண்டாகப் பெயரில்லாத குற்றங்களைக் கேட்ட அவருக்கு நேர்ந்த தீங்கின் முன்னே, பெயரில்லாத ஒருவர் எங்கேனும் வருந்தியிருப்பினும் அவ்வருத்தத்தால் அவர் மனைவிக்கு விளைந்த பயன் யாது? ஒன்றுமில்லை.

அற்றேல், பெயர் கூறாது சொல்லுதலாற் சிறிதும் நன்மையில்லையோவெனின், உண்டு. மனத்தின் பாரம் குறையும். அமெரிக்க உளநூற் பேராசிரியர் பென்னிபேக்கர் என்பவர் தம்முடன் ஆராய்ந்த ஒருவரோடு 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, தம்மைத் துன்புறுத்திய நிகழ்ச்சிகளை நான்கு நாள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், பெயர் வெளிப்படாவகை எழுதிய மாணவருள் உணர்ச்சியோடு நிகழ்ச்சியையுஞ் சேர்த்தெழுதினோர் பின்வந்த மாதங்களில் வைத்தியரை நாடியது குறைந்தது என்று காட்டினார். மறைத்தது உள்ளே கிடந்து உடம்பையும் அரிக்கும் என்பது இதனால் விளங்கும். ஆனால் பாரம் வேறு, கடன் வேறு. தன் தலைச்சுமையை இறக்கி வைத்தவன் கடன்காரனுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தவனாகான். குருவானவரிடத்து மறைவாகப் பாவசங்கீர்த்தனஞ் செய்யும் உரோமன் கத்தோலிக்கரும், களவெடுத்தவன் எடுத்த பொருளை உடையவனுக்குத் திருப்பிக் கொடுக்கக் கடவன் என்றே விதித்திருக்கின்றனர். இவ்வளவில் அவரோடு நமக்கு வழக்கில்லை.

இனி நம் சமயத்திற்கு வருவாம். திருநீலகண்ட நாயனார் சரித்திரத்தை வகுப்பிலே எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றீர். தில்லையிலே வேட்கோவர் குலத்துப் பிறந்து, சிவனடியார்க்குத் திருவோடு வனைந்து கொடுத்து வந்த அவர், இளமையிலே பரத்தை மனையை அடைந்தார். அஃதறிந்த மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாதென்றார். நாயனார் அவ்வாணையைப் போற்றினார். ஒரே சிறுமனையில் இருவரும் இருந்து, செய்வன யாவுஞ் செய்து, தீண்டுதல் மாத்திரம் ஒழிந்து, அயலார் அறியாமல் மூத்துத் தளர்ந்தனர்.

இம்மட்டிற் குற்றம் யாது? நாயனார் செய்த பிழையை மனைவியார் அறிவார். தண்டமும் அவரே விதித்தார். நாயனார் அதனை ஆயுள் முழுதும் ஏற்றார். ஊரவர்க்கு இதிலே கொடுக்கவேண்டிய கடன் ஒன்றுமில்லை. ஆதலால் அவர் மறைத்தது வஞ்சனையன்று. அங்ஙனமாகவும் மறைவு என்பது தனக்கென ஓர் இயல்புடையது. இறைவர் சிவயோகியாராய் வந்து ஓர் ஓட்டைக் கையடையாகக் கொடுத்துப் போய், அதனை இருந்த இடத்தினின்றும் மறைப்பித்துப் பின் வந்து கேட்டபோது, நாயனார் தாம் கவர்ந்திலேன் என்று மெய்யே சொன்னார். யோகியார் மைந்தன் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கி ஆணையிடுக என்றார். மைந்தனில்லை. அற்றேல் மனைவி கையைப் பற்றுக என்றார். ஒரு சபதத்தாற் பற்றமாட்டேன் என்றார் நாயனார். அச்சபதம் இன்னது என்பதைச் சொல்லவில்லை. அக்கணமே கேட்டவர் யாவர்க்கும் அவர் கள்வராகத் தோன்றினார்! தில்லைவாழந்தணர் சபையும் மனைவி கைப்பற்றி மூழ்குதலே முறை என்று தீர்த்தது.

ஆசிரியர்களே, இவ்விடத்தைச் சிறார்க்குச் சொல்லும்போது விரைந்து கடந்துவிடாதீர். இளமை மீண்ட அற்புதத்தையே பலரும் விரித்துரைப்பர். நமக்கோ அதற்கு முன்னுள்ள கணமே பெரிதாகப் படுகின்றது. ஒன்றை மறைத்தவன், தான் செய்யாத மற்றொன்றுக்கு விடை சொல்ல இயலாதவனாய் நிற்கின்றான். அவன் மௌனத்தைக் கண்டோர் களவென்று வாசிக்கின்றனர். திருப்புலீச்சரத்தின் முன்னுள்ள குளத்திலே மூங்கிற்றண்டின் இரு தலையையும் இருவரும் பற்றி இறங்க, அதுவும் போதாதென்று யோகியார் தடுத்தபோதே, நாயனார் பண்டு நிகழ்ந்ததனைச் சூழ நின்றோர் கேட்பத் தம்வாயாற் சொன்னார். தம் ஊரிலே, தம் முகத்தோடு, தம் மனைவியார் அருகு நிற்கச் சொன்னார். மூழ்குதல் அதன் பின்னரே நிகழ்ந்தது.

சுந்தரமூர்த்தி நாயனாரும் அத்தகையர். சங்கிலியாருக்குக் கொடுத்த சூளுறவைக் கடந்து கண்ணிழந்த அவர், தலந்தோறுஞ் சென்று அத்துன்பத்தைப் பாடினார். தம் பதிகங்களின் ஈற்றிலே தம்பெயரைப் பொறித்து வைத்தல் அவர் வழக்கம். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளாக அப்பெயரோடே அவற்றை ஓதி வருகின்றோம்.

ஆயின் மறைவெல்லாம் ஊரறியச் சொல்லப்படவேண்டுமோவெனின், வேண்டா. பிறருடைய மானத்தைக் காக்கும் மறைவு உண்டு; அதனை உடைத்தல் பாவம். மாணாக்கன் ஒருவன் நம்மை நம்பித் தனிமையிற் சொன்ன குடும்பத் துன்பத்தை ஆசிரியர் கூடும் அறையிலே தேநீரோடு பரிமாறுவோர் சிலர் உளர். அவர்க்குத் திருநீறு பூசும் நெற்றி எதற்கென்று கேட்கத் தோன்றும். மற்றொரு வகை மறைவும் உண்டு. பிள்ளைக்கு ஒருவர் தீங்கிழைத்து, ஒருவருக்குஞ் சொல்லாதே என்று வாயை அடைத்து வைத்த மறைவு அது. அது பிள்ளையின் மறைவன்று, தீயவனுடைய மறைவு. அதனை அறிந்த ஆசிரியர் பள்ளிக்கூடத்தின் நற்பெயருக்கு அஞ்சி அடக்கி வைப்பாராயின் அத்தீமையிற் பங்காளராவார். நம் நாட்டிலே 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை தாபிக்கப்பட்டிருக்கின்றது. 1929 என்னுந் தொலைபேசி இலக்கமும் இதற்கென்றே உளது. இங்கே முறையிடுவோர் பெயர் கூறாதுவிடினுங் குற்றமில்லை. என்னையெனின், தீங்கு செய்தவன் பெயரை மறைப்பதற்கும், தீங்குற்ற பிள்ளையின் பெயரையும் அதற்காகப் பேசுவோர் பெயரையுங் காப்பதற்கும் உள்ள வேற்றுமை மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

இவ்வளவும் பிறரைப் பற்றிச் சொன்னோம். நம் குற்றத்தைச் சொல்லாது விடின் இவ்வுரை முறையாகாது.

1976ஆம் ஆண்டு வாணிவிழாவின்போது, நாங் கற்பித்த பள்ளிக்கூடத்திலே பூசைக்கென்று மாணாக்கர் சேர்த்த 85 ரூபா காணாமற் போயிற்று. யாவரும் மண்டபத்திலிருக்க ஒன்பதாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் மாத்திரம் அந்நேரம் வெளியே போயிருந்தான். எங்கே போனாய் என்று கேட்டோம். அவன் தலை குனிந்து நின்றான். மூன்று முறை கேட்டும் வாய் திறந்திலன். சொல்ல முடியாத இடத்துக்குப் போனவன் எடுக்க முடியாததையும் எடுத்திருப்பான் என்று சபை நடுவே சொன்னவர் நாமே. மறுநாள் அவன் பள்ளிக்கு வந்திலன். பின்னர் வவுனியாவில் ஓர் அரிசி ஆலையிலே கூலிக்கு நிற்கின்றான் என்று கேள்விப்பட்டோம்.

1981ஆம் ஆண்டிலே நமக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் ஒப்பமில்லை, அஞ்சல் முத்திரை கொழும்பு. அப்பணத்தை எடுத்தவன் நானே, அவன் அல்லன், எனக்கு நித்திரை வருவதில்லை என்று எழுதியிருந்தது. நாம் அதனைத் தலைமையாசிரியரிடங் காட்டினோம். அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, இதை அந்தப் பொடியனே எழுதியிருப்பான் மாஸ்டர் என்று சொல்லி மடித்துத் தந்தார். பெயரில்லாக் கடிதத்துக்கு வேறென்ன மதிப்பு இருத்தல் கூடும்? எழுதியவர்க்கு அன்றிரவு நித்திரை வந்திருக்கலாம். பழி சுமந்தவன் தலையினின்றும் ஓர் அணுவேனும் இறங்கவில்லை. எழுதியவரைக் குறைகூற நமக்கு வாயுமில்லை. நாமும் அக்கடிதத்தை அலுமாரியிலே புத்தகங்களின் கீழ் வைத்துப் பூட்டி எட்டு மாதம் இருந்தோம். அவ்வெட்டு மாதமும் திருநீலகண்ட நாயனார் புராணத்தை வகுப்பிற் கற்பித்தே வந்தோம்.

பின்னொரு வெள்ளிக்கிழமை மாலை அவன் தாயாரது வீட்டுக்குச் சென்றோம். அவர் பாயை விரித்து இருக்கச் சொன்னார். நாம் நின்றபடியே சொன்னோம். அவர் வெகுநேரம் பேசாதிருந்து, அன்றைக்கு அவன் தகப்பனைக் கூட்டிவரத் தவறணைக்குப் போனவன் என்றும், அதை ஒருவருக்குஞ் சொல்லாதே என்று தாமே சொல்லி வைத்ததாகவுஞ் சொன்னார். விலாசத்தை வாங்கி அவனுக்கு நம் பெயரிட்டுக் கடிதம் எழுதினோம். இரண்டு வரியில் மறுமொழி வந்தது. கடிதங் கிடைத்தது என்பது ஒன்று, ஆச்சி சுகமாயிருக்கின்றாவோ என்பது மற்றொன்று.

அவ்வாண்டு வாணிவிழாவிலே அதே மண்டபத்தில் எழுந்து நின்று, 1976ஆம் ஆண்டில் அவ்விடத்திலே நாஞ் சொன்னதைச் சொல்லி, அது பொய்யென்றுஞ் சொன்னோம். மாணாக்கர் அமைதியாய்க் கேட்டனர். அவர்களுள் ஒருவர்க்கேனும் அவனைத் தெரியாது. அன்று கேட்டவர்களில் இன்னும் அங்கே இருந்தவர்கள் ஆசிரியர் இருவரும் வாயிற்காவலரும் மாத்திரமே.