நான்கு சாட்சிகள், ஒரே விடியல்

ஈஸ்டர் விடியலில் வேதாகமத்தைத் திறப்பவருக்கு ஒரு கேள்வி எழலாம்: நான்கு நற்செய்திகளும் ஏன் வேறுபடுகின்றன? கல்லறையில் மத்தேயு ஒரு தூதரைக் காட்டுகிறார். மாற்கு வெண்ணங்கி தரித்த ஒரு வாலிபனை. லூக்காவோ பளபளக்கும் ஆடையில் இருவர் என்கிறார். கல்லறைக்குச் சென்ற பெண்களில் யோவான் மகதலேனா மரியாளை மட்டுமே குறிப்பிடுகிறார். ஆனால் அவள் பேதுருவிடம் பன்மையில்தான் பேசுகிறாள். உடன் சென்ற பெண்கள் உண்டு என்பதற்கு அது தடயம்.

கி.பி. 170 வாக்கில் தாத்தியான் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் நான்கு நற்செய்திகளையும் ஒரே நூலாகத் தொகுத்தார். தலைமுறைகளாக அதை வாசித்த சிரியத் திருச்சபைகள், 5ஆம் நூற்றாண்டில் தனித்தனி நற்செய்திகளுக்கே திரும்பின.

வாரத்தின் முதல் நாள், மகதலேனா மரியாள், வெறுமையான கல்லறை: இவற்றில் நால்வருக்கும் ஒரே பேச்சு. சொல்லிவைத்துப் பேசாத சாட்சிகளே நம்பத்தக்கவர்கள். நால்வரையும் பொறுமையாகக் கேளுங்கள்.