வாளிக்குள் வந்த கடல்

புனே நகருக்குக் கடல் அண்மையில் இல்லை. சகியாத்திரி மலையைக் கடந்து கொங்கணத்தில் இறங்கினால்தான் உப்புக் காற்று முகத்தில் படும். ஆயினும் இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கடல் இன்று வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. அது கணினித் திரையில் இருக்கும் கடல்.

கட்கியில் நாம் நன்கறிந்த இல்லம் ஒன்றில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் 'மைன்கிராஃப்ட்' என்னும் விளையாட்டில் கண்ணாடி மாளிகை ஒன்று எழுப்பி, அதில் நீர் நிறைத்து, கோமாளி மீன்களையும் பேத்தை மீன்களையும் வளர்த்து வருகிறான். சுவீடன் நாட்டில் தோன்றி 2011இல் முழு வடிவம் பெற்ற விளையாட்டு இது. வெற்றி தோல்வி பற்றிய கவலையின்றித் தோண்டலாம், கட்டலாம், திரியலாம். 2018இல் இதன் கடல்களில் மீன்களும் ஆமைகளும் டால்பின்களும் வந்து சேர்ந்தன. நீர் நிறைந்த வாளியை மீனின்மேல் நீட்டினால் மீன் வாளிக்குள் வந்துவிடும். வேண்டிய இடத்தில் ஊற்றிக்கொள்ளலாம். இரை இட வேண்டியதில்லை. நீர் மாற்ற வேண்டியதில்லை.

இவ்விளையாட்டின் விதி ஒன்று நம்மைச் சிந்திக்க வைத்தது. தானாகத் திரியும் மீன், ஆடுபவர் தொலைவு சென்றதும் மறைந்து போகலாம். வாளியில் பிடித்து விடப்பட்ட மீன் அவ்வாறு மறைவதில்லை. பெயர் சூட்டப்பெற்ற மீனும் நிலைத்திருக்கும். ஆகவே அச்சிறுவனுக்குப் பிடித்தல் என்பது காத்தல். பிடிக்காது விடுதல் என்பது அழிய விடுதல். அவன் தன் மீன்களுக்கெல்லாம் ஊரிலுள்ள உறவினர் பெயர்களை வைத்திருந்தான். தூத்துக்குடியில் இருக்கும் ஆச்சியின் பெயர் தாங்கிய மீனைத் தனி அறையில் வைத்திருந்தான்.

சென்ற ஆண்டு அவன் பிறந்த நாளுக்குத் தந்தையார் உண்மையான கோமாளி மீன்கள் இரண்டினைத் தொட்டியுடன் வாங்கி வந்தார். ஆறாம் நாள் இரண்டும் மிதந்தன. கடல் மீனை வளர்ப்பது எளிதன்று. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சாகும். அதனை மாற்றவல்ல நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்கு முன் மீனை விடுவது, சமையலறை கட்டாத வீட்டில் விருந்து அழைப்பது போன்றது. தந்தையார் இதனை அறியார். அறிந்து சொல்வாரும் இலர்.

சிறுவன் அழவில்லை. "அப்பா, நாம் பிடித்துத்தானே வைத்திருந்தோம்? பெயரும் வைத்தோமே? பிறகு எப்படிப் போயிற்று?" என்று மட்டும் கேட்டான்.

தந்தையார் அன்று மாலை நம்மிடம் இதனைக் கூறியபோது, விளையாட்டையே நிறுத்திவிடலாமா என்றும் கேட்டார். நாம் உடன்படவில்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. திரையில் நீந்தும் மீனுக்கு அவ்வரிசையில் இடமே இல்லை. அதற்கு நோவு இல்லை. நோவு இல்லாதவிடத்துக் கொடுமையும் இல்லை. வள்ளுவர் கொல்லாமை கூறிய அதிகாரத்தை இங்கே கொண்டுவந்து நிறுத்துவது அவருக்கும் பெருமையன்று, பிள்ளைக்கும் நியாயமன்று.

நம்மை உறுத்தியது வேறு. நான் காணாதபோது அது இல்லை, நான் வைத்துக்கொண்டால்தான் அது இருக்கும் என்னும் எண்ணம் அவ்விதிக்குள் இருக்கிறது. குழந்தைகள் மட்டுமா இதனை நம்புகின்றனர்? 1998இல் சென்னைக்கு அருகே கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்கு வெளிநாட்டிலிருந்து டால்பின்கள் கொண்டுவரப்பட்டன. ஆறு திங்களுக்குள் அவை யாவும் மடிந்தன. கடலில் டால்பினைப் பார்த்தறியாத மக்களுக்கு அதனைக் காட்டி அன்பு வளர்ப்போம் என்பதே இத்தகைய முயற்சிகளுக்கு எங்கும் சொல்லப்படும் நியாயம். 2013இல் நடுவண் அரசு டால்பின் காட்சியகங்களுக்கு இசைவு தரலாகாது என மாநிலங்களுக்கு அறிவுறுத்திற்று. மன்னார் வளைகுடாவின் கடற்குதிரைக்கும் கடல் அட்டைக்கும் 2001இலேயே சட்டக் காப்பு வந்துவிட்டது. அவற்றைக் காக்கும் வழி, பிடிக்காமல் விடுவது.

இன்னும் சற்று அருகே வந்து பார்ப்போம். ஊரை விட்டுப் புனேக்கு வந்த நாம், புறப்பட்ட ஆண்டில் இருந்தபடியே நம் ஊரை நெஞ்சில் ஊற்றி வைத்திருக்கிறோம். அதற்கு இரை வேண்டா, நீர் மாற்ற வேண்டா. விடுமுறைக்குச் சென்று, வேப்பமரம் நின்ற இடத்தில் கைப்பேசிக் கடையைக் கண்டால் சினம் கொள்கிறோம். நாம் இல்லாத ஆண்டுகளிலும் அவ்வூர் உண்டு உறங்கி, மணம் முடித்து, கடன் பட்டு வாழ்ந்தது என்பதை ஏற்க மனம் வருவதில்லை. சிறுவனின் கண்ணாடி மாளிகையைக் குறை கூறுமுன் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

இவ்வாண்டு பங்குனியில் அக்குடும்பத்தோடு நாமும் இரத்தினகிரி மாவட்டத்து வேளாஸ் என்னும் சிற்றூருக்குச் சென்றோம். அக்கடற்கரையில் சிற்றாமைகள் முட்டையிடும். முட்டைகளை எடுத்து, வேலியிட்ட மணற்பரப்பில் புதைத்து, நரியும் நாயும் அணுகாமல் ஊரார் காக்கின்றனர். ஐம்பது நாள் அளவில் குஞ்சுகள் மேலே வரும். சென்னைக் கடற்கரையிலும் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து இப்பணியைச் செய்து வருகின்றனர். இங்கும் பிடித்தல் உண்டு; வேலி உண்டு; காவல் உண்டு. ஆனால் விடும் நாளுக்காகவே வைத்திருக்கிறார்கள்.

மாலையில் கூடையைத் தூக்கினர். உள்ளங்கையினும் சிறிய குஞ்சுகள் மணலில் தவழ்ந்தன. சிறுவன் ஒன்றன்மேல் கண் வைத்து, ஆச்சியின் பெயரையே அதற்கும் இட்டான். அலை வந்தது, அது போயிற்று. ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து பெரிதாகும் என்று அங்கிருந்தோர் கூறினர். சிறுவன் நெடுநேரம் நீரையே பார்த்திருந்தான்.

"நாம் புனேக்குப் போன பிறகும் அது இருக்குமா, அப்பா?"

"இருக்கலாம்" என்றார் தந்தையார். "நமக்குத் தெரியாது."

இருட்டியபின் பேருந்துக்கு நடந்தோம். வழியில் அவன் தந்தையின் கைப்பேசியை வாங்கித் தூத்துக்குடிக்குப் பேசினான். ஆச்சி அப்போது வீட்டில் இல்லை. பக்கத்துத் தெருக் கலியாணத்திற்குப் போயிருந்தார்.